குடிக்கிற தண்ணீர் மூக்குக்கு ஆகுமா?

சைனஸ் தொல்லை என்று போகிறவர்களிடம் உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொல்வது காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடையே இன்று வழக்கமாகிவிட்டது. அதற்கான பிளாஸ்டிக் புட்டியும் உப்புப் பொட்டலமும் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. யோகா வகுப்புகளில் ஜல நேத்திக் குவளையைக் கையில் கொடுத்துப் பழக்குகிறார்கள். எவ்வளவு உப்பு, தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்றெல்லாம் விளக்கமாகச் சொல்கிறார்கள். எந்தத் தண்ணீர் என்ற கேள்விக்கு மட்டும் ‘வெதுவெதுப்பான தண்ணீர்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தச் சிகிச்சையில் உயிருக்கு ஆபத்து ஏதும் உண்டென்றால் அது இருக்குமிடம் இந்தத் தண்ணீர்தான். மூக்கைக் கழுவுவதன் பலன் மிதமானது, ஆனால் உண்மையானது. அதன் ஆபத்து மிக அரிது, ஆனால் நேர்ந்தால் பெரும்பாலும் மரணம். அந்த ஆபத்தை அடுப்பில் ஐந்து நிமிடத்தில் ஒழித்துவிடலாம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கழுவலாமா கூடாதா என்ற வாதமே தேவையில்லை. தண்ணீரைப் பற்றிய அறிவுரைதான் முதலில் வரவேண்டும் என்பது தெளிவாகும்.

கழுவுவதால் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கன்னத்திலும் நெற்றியிலும் கண்களுக்கு இடையிலும் மண்டையின் நடுவிலும் இருக்கும் காற்றறைகளைத்தான் சைனஸ் என்கிறோம். அவற்றின் உட்சுவரும் மூக்கின் உட்சுவரும் மெல்லிய சளிப்படலம் போர்த்தியவை. அந்தப் படலத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, தூசியையும் கிருமியையும் பிடித்த சளியை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஜலதோஷத்தாலோ ஒவ்வாமையாலோ படலம் வீங்கும்போது காற்றறைகளின் குறுகிய வாய் அடைபடுகிறது. சளி கெட்டிப்பட்டுத் தேங்குகிறது. நுண்மயிர்களின் ஓட்டம் தளர்கிறது. உப்புநீர் இந்தக் கெட்டிச் சளியை இளக்கி அடித்துச் செல்கிறது. ஒவ்வாமை தரும் தூசியையும் மகரந்தத்தையும் வீக்கத்தை வளர்க்கும் வேதிப்பொருள்களையும் குறைக்கிறது. நுண்மயிர்கள் மீண்டும் வேலை செய்ய வழிவிடுகிறது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத மூக்கில் இந்த நீர் சைனஸ் அறைகளுக்குள் அதிகம் போவதில்லை. அது சுத்தம் செய்வது பெரும்பாலும் மூக்கின் உட்பகுதியையும் அறைகளின் வாசலையும்தான். வாசல் திறந்தால் உள்ளே தேங்கியது தானே வடியும். சைனஸையே கழுவிவிடும் என்ற விளம்பரப் பேச்சு இதனால் மிகை.

நாள்பட்ட சைனஸ் தொல்லையில் இதன் பலனைக் காட்டிய ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்து 2002இல் வெளியான ஒன்று. 76 பேர் பங்கேற்ற அதில் 2 சதவீத உப்புநீரால் தினமும் மூக்கைக் கழுவியவர்களுக்கு ஆறு மாத முடிவில் தொல்லை குறைந்தது. ஆன்டிபயாட்டிக்கின் தேவையும் குறைந்தது. 2016இல் காக்ரேன் அமைப்பு நாள்பட்ட சைனஸ் அழற்சி பற்றிய சோதனைகளைத் தேடித் தொகுத்தபோது அதன் அளவுகோலுக்குத் தேறியவை இரண்டே. இரண்டிலும் சேர்த்து 116 பேர். 150 மில்லிலிட்டர் அளவில் கழுவியவர்களுக்குப் பலன் தெரிந்தது. 5 மில்லிலிட்டரைத் துளித்துளியாகத் தெளித்துக்கொண்டவர்களுக்குத் தெரியவில்லை. சான்றின் தரம் தாழ்வானது என்பதையும் தொகுத்தவர்கள் மறைக்கவில்லை. ஒவ்வாமை மூக்கொழுக்கு பற்றி 2018இல் வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பு 14 ஆய்வுகளை ஆராய்ந்து, உப்புநீர் தொல்லையைக் குறைக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தது. ஐரோப்பிய மூக்கு மருத்துவர்களின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் நாள்பட்ட சைனஸ் அழற்சிக்கு உப்புநீர்க் கழுவலைப் பரிந்துரைக்கிறது. ஆக, பெரிய அளவில் நிரூபணமான மருந்து என்று இதைச் சொல்ல முடியாது. விலை குறைந்த, பக்க விளைவு சிறிய, ஓரளவு பலன் தரும் துணைச் சிகிச்சை என்று தயங்காமல் சொல்லலாம்.

நம் வீடுகளில் சைனஸுக்கு முதல் வைத்தியம் ஆவி பிடிப்பது. நொச்சி இலையோ தைலமோ போட்டுக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வையை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பிரிட்டனில் மருத்துவர் பால் லிட்டில் குழுவினர் அடிக்கடி சைனஸ் தொல்லைப்படும் 871 பேரைப் பிரித்து, சிலருக்கு மூக்குக் கழுவலையும் சிலருக்கு ஆவி பிடிப்பதையும் சிலருக்கு இரண்டையும் சொல்லிக்கொடுத்து ஒப்பிட்டார்கள். 2016இல் வெளியான முடிவில், கழுவியவர்களுக்கு ஆறு மாதத்தில் சிறிதளவாவது முன்னேற்றம் தெரிந்தது. ஆவி பிடித்ததில் தலைவலி குறைந்ததைத் தவிர வேறு குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. ஆவிப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் விபத்துகளையும் கணக்கில் சேர்த்தால், இரண்டில் எதற்கு முதலிடம் என்பதில் குழப்பம் இருக்காது. சாதாரண ஜலதோஷத்திலும் உப்புநீருக்கு வேலை உண்டு. அதே லிட்டில் குழுவினர் 13,799 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், உப்புநீர் ஸ்பிரே பயன்படுத்தியவர்கள் மூச்சுப்பாதை நோயால் அவதிப்பட்ட நாட்கள் சராசரியாக 8.2இலிருந்து 6.4ஆகக் குறைந்தன, ஆன்டிபயாட்டிக் வாங்கியதும் குறைந்தது. வைரஸ் ஜலதோஷங்களில் பாக்டீரியா சைனஸ் தொற்றாக மாறுபவை நூற்றுக்கு இரண்டைத் தாண்டுவதில்லை என்பதால், மூக்கடைத்தவுடன் ஆன்டிபயாட்டிக் கேட்கும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

தினமும் கழுவினால் மூக்கின் இயற்கைக் காப்பான சளிப்படலமே போய்விடும் என்ற ஆட்சேபமும் உண்டு. 2009இல் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர்களின் மாநாட்டில் ஒரு குழு, நீண்ட காலம் தினமும் கழுவிவந்த 68 பேர் அதை நிறுத்தியபின் அவர்களுக்குச் சைனஸ் தொற்று வருவது குறைந்தது என்று சொன்னது. அந்தச் செய்தி பரவிய அளவுக்கு அதன் சான்று வலுவானதல்ல. மாநாட்டில் சொல்லப்பட்ட சிறிய ஆய்வு அது. ஆறு மாதம் தொடர்ந்து கழுவியவர்களைக் கவனித்த மற்ற ஆய்வுகள் அப்படியொரு தீங்கைக் காட்டவில்லை. ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. தொல்லை இல்லாதவர் பல் தேய்ப்பதுபோல் ஆயுள் முழுக்க மூக்கைக் கழுவ வேண்டும் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. தொல்லை இருக்கும்போது செய்து, அடங்கியபின் குறைத்து நிறுத்துவதே பொருத்தம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் எவ்வளவு காலம் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இனி ஆபத்தின் பக்கம். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 28 வயது ஆண் ஒருவரும், சில மாதம் கழித்து 51 வயதுப் பெண் ஒருவரும் மூளை அழற்சியால் இறந்தார்கள். இருவரும் குளத்திலோ ஆற்றிலோ குளித்தவர்கள் அல்லர். வீட்டுக் குழாய்த் தண்ணீரை நேத்திக் குவளையில் ஊற்றி மூக்கைக் கழுவியவர்கள். இருவரையும் கொன்றது ‘மூளையைத் தின்னும் அமீபா’ என்று செய்தித்தாள்கள் எழுதும் நேக்ளேரியா ஃபௌலேரி. இருவர் வீட்டுக் குழாய் அமைப்பிலும் அந்த அமீபா கிடைத்தது. நகரக் குடிநீர் வழங்கலிலிருந்து எடுத்த மாதிரிகளில் கிடைக்கவில்லை. சுத்திகரித்து அனுப்பிய தண்ணீர் வீட்டுக்குள் வந்தபின், குளோரின் தீர்ந்து, வெதுவெதுப்பாகத் தேங்கிய இடத்தில் அமீபா வளர்ந்திருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து அதே மாநிலத்தில் இந்த அமீபாவால் ஒரு சிறுவன் இறந்தபிறகு, குழாய்நீரில் எப்போதும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று அரசு விதியைக் கடுமையாக்கியது.

குடித்தால் ஒன்றும் செய்யாத தண்ணீர் மூக்கில் ஏறினால் ஏன் கொல்கிறது? வயிற்றுக்குப் போகும் கிருமி அமிலத்தையும் குடலின் காவலையும் தாண்ட வேண்டும். நேக்ளேரியாவை எவ்வளவு விழுங்கினாலும் நோய் வருவதில்லை. மூக்கின் கூரையோ வேறு மாதிரி. அங்கே சல்லடைபோல் துளையிட்ட மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. வாசனை நரம்புகள் அந்தத் துளைகள் வழியே நேரே மூளைக்குப் போகின்றன. நீரைப் பீய்ச்சும்போது அமீபாவை அந்த நரம்பின் வாசலிலேயே கொண்டுபோய் விடுகிறோம். இந்த நோயை முதலில் அடையாளம் கண்டவர்கள் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஃபௌலரும் கார்ட்டரும். 1965இல் அவர்கள் விவரித்த நோயாளிகள் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா பகுதியைச் சேர்ந்தவர்கள். அங்கே குடிநீர் வெயிலில் கிடக்கும் நெடுந்தொலைவுக் குழாய்களில் சூடேறி வந்தது. இந்த அமீபாவுக்குப் பிடித்தது வெப்பம். 46 டிகிரி செல்சியஸ் வரை அது பெருகும். மூக்குக்கு நாம் போடும் உப்பு அதைக் கொல்லாது. அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை இந்நோய் உறுதியான 164 பேரில் பிழைத்தவர் நால்வர்.

நேக்ளேரியா மட்டுமல்ல. சியாட்டிலில் 69 வயதுப் பெண் ஒருவர் வடிகட்டிய குழாய்நீரைக் காய்ச்சாமல் மூக்கு கழுவப் பயன்படுத்திவந்தார். மூளையில் கட்டி என்று நினைத்து அறுவை செய்தபோது பாலமூத்தியா என்ற வேறொரு அமீபா கண்டறியப்பட்டது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அகந்தமீபா என்ற மூன்றாவது வகையால், மூக்கு கழுவும் வழக்கமுள்ள 10 பேருக்குத் தொற்று ஏற்பட்டதை 2024இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) தொகுத்து வெளியிட்டது. அவர்கள் எல்லோரும் நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள், மூவர் இறந்தார்கள். நம் பக்கத்திலும் எச்சரிக்கைகள் உண்டு. கராச்சியில் 2008, 2009 ஆண்டுகளில் நேக்ளேரியாவுக்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் நீச்சலுக்குப் போனவர்கள் அல்லர். தொழுகைக்கு முன் மூக்கில் நீரேற்றிச் சுத்தம் செய்யும் வழக்கமே காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது. கேரளத்தில் 2024இலும் 2025இலும் அமீபா மூளைக் காய்ச்சல் அடுத்தடுத்துப் பதிவானது. குளத்துக்கே போகாதவர்களுக்கும் வந்ததால் கிணற்று நீர் மீதும் சந்தேகம் விழுந்தது. கிணறுகளுக்குக் குளோரின் இடும் இயக்கத்தை அரசு நடத்த வேண்டியதாயிற்று.

காலங்காலமாக யோகிகள் செய்துவந்ததுதானே, அவர்கள் யாரும் சாகவில்லையே என்பது பலமாகச் சொல்லப்படும் மறுப்பு. ஹட யோக நூல்களில் நேத்தி உண்டு என்பது உண்மை. ஆனால் ஹடயோகப் பிரதீபிகை சொல்லும் நேத்தி மூக்கில் நூலை விட்டு வாய்வழியே எடுப்பது. அது கிடக்கட்டும். இந்த நோய்க்குப் பெயரே 1965க்குப் பிறகுதான் வந்தது. முதுகுத்தண்டு நீரை எடுத்து நுண்ணோக்கியில் தேடினால்தான் தெரியும். அதற்கு முன்னால் கடும் காய்ச்சலும் ஜன்னியும் வந்து ஒரு வாரத்தில் இறந்தவரை மூளைக் காய்ச்சல் என்று சொல்லி அடக்கம் செய்திருப்பார்கள். யாரும் இறக்கவில்லை என்பதற்கும், இறந்ததை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. கோடிக்கணக்கானோர் மூக்கில் நீரேற்றுகிறார்கள், ஒருசிலருக்குத்தானே வருகிறது என்ற வாதம் இதைவிடச் சரியானது. ஆபத்து உண்மையிலேயே மிக மிகக் குறைவு. இதைப் படித்துவிட்டுப் புட்டியைக் குப்பையில் போட வேண்டியதில்லை. ஆனால் அரிதான ஆபத்தைப் பொறுத்துக்கொள்வது, அதைத் தவிர்க்கப் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும்போதுதான் நியாயம். இங்கே கொடுக்கும் விலை ஒரு பாத்திரத் தண்ணீரைக் கொதிக்க வைப்பது.

நம் ஊர்த் தண்ணீருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் கவனம் இன்னும் கூடுகிறது. மாநகராட்சிக் குழாயோ போர்வெல்லோ, பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் மாடித் தொட்டியில் ஏறிய பிறகே குழாய்க்கு வருகிறது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியிலுள்ள பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும் சூட்டில் இறங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குளோரின் ஆவியாகி, அடியில் பாசியும் வண்டலும் படிந்த அந்தச் சூடான தொட்டி அமீபாவுக்கு ஏற்ற சூழல். கீசர் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் மூக்குக்கு வசதி என்று எடுப்பவர்கள் உண்டு. வெதுவெதுப்பு வேறு, கொதித்து ஆறியது வேறு. ஆர்ஓ தண்ணீர் போதாதா என்றால், ஆர்ஓ சவ்வு அமீபாவைத் தடுக்கக்கூடியதுதான். ஆனால் சவ்வைத் தாண்டிய நீர் தேங்கும் தொட்டி, குழாய், பராமரிக்காத இணைப்புகள் ஆகியவை கிருமியற்றவை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கேன் தண்ணீர் குடிப்பதற்கான தரத்தில் வருவது. கிருமி நீக்கியது அல்ல. வாலை வடித்த நீர் பாதுகாப்பு என்று அமெரிக்க அறிவுரைகளில் படித்துவிட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டரை எடுத்துவிடக் கூடாது. அது பெரும்பாலும் தாது நீக்கிய தண்ணீர். உடம்புக்கென்று தயாரித்தது அல்ல.

செய்முறை எளிது. தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் போதும் என்கிறது சிடிசி. அமெரிக்க மருந்து நிர்வாகம் மூன்று முதல் ஐந்து நிமிடம் சொல்கிறது. ஐந்து என்று வைத்துக்கொண்டால் ஊட்டி, கொடைக்கானல் உயரத்துக்கும் சரியாக இருக்கும். மூடி வைத்து உடல் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். ஆற்றுவதற்காகப் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் காய்ச்சியது வீண். சுத்தமான மூடிய பாத்திரத்தில் 24 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு, உடலின் உப்பளவான 0.9 சதவீதத்தைத் தரும். அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் எடை மாறும் என்பதால் அது வேண்டாம். அயோடினும் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள்களும் சிலருக்கு எரிச்சல் தரும். அவர்களுக்கு மருந்துக்கடைப் பொட்டலம் நல்லது. வெறும் தண்ணீர் கடுமையாக எரியும்; உப்பு தேவைப்படுவது இதற்காகத்தான், கிருமியைக் கொல்ல அல்ல. காய்ச்ச நேரமில்லாத நாளில், கிருமி நீக்கி அடைத்த 0.9 சதவீத சலைனை அப்படியே பயன்படுத்தலாம். திறந்த புட்டியை நாட்கணக்கில் வைத்திருக்கக் கூடாது.

வாஷ்பேசினுக்கு மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டபடி மேலேயுள்ள மூக்குத் துளையில் மெதுவாக நீரை விட்டால் கீழ்த் துளை வழியே வடியும். பலமாகப் பீய்ச்சவோ, முடித்ததும் இரண்டு துளையையும் பொத்திக்கொண்டு ஓங்கிச் சிந்தவோ கூடாது. நீர் நடுச்செவிக்கு ஏறிக் காது அடைக்கும், வலிக்கும். புட்டியும் தண்ணீரைப் போலவே முக்கியம். கழுவி முடித்தபின் அதன் முனையிலும் குழலிலும் சில சொட்டுகள் தங்கும். ஈரமான குளியலறை அலமாரியில் மூடி வைத்தால் அந்தச் சொட்டுகளில் பாக்டீரியா குடியேறும். பயன்படுத்திய புட்டிகளைச் சோதித்த ஆய்வுகளில் இது பலமுறை தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவி, காய்ச்சிய நீரில் அலசி, திறந்த நிலையில் உலர்த்த வேண்டும். ஒரே புட்டியை வீட்டில் இருவர் பகிரக் கூடாது. மூக்கு முழுவதும் அடைத்திருப்பவர், காதில் தொற்றோ அண்மையில் அறுவையோ உள்ளவர், தலையில் அடிபட்டவர், ஒத்துழைக்காத சிறு குழந்தை ஆகியோருக்கு இது வேண்டாம். உறுப்பு மாற்றம் செய்துகொண்டவரும் புற்றுநோய் மருந்து எடுப்பவரும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவருக்கு முகவீக்கம், பார்வைக் குறைவு, மூக்கில் கறுப்புப் பொருக்கு தெரிந்தால் உப்புநீரை நம்பி ஒரு நாளும் கடத்தக் கூடாது.

இத்தனை விதி சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள், பயந்துபோய் நல்ல சிகிச்சையையே விட்டுவிடுவார்கள் என்று மருத்துவர்களே சிலர் கருதலாம். விதிகளை உதறிப் பார்த்தால் மிஞ்சுவது இரண்டுதான்: காய்ச்சி ஆறிய நீர், உலர்ந்த புட்டி. பால் காய்ச்சும் வீட்டில் இவை சுமை அல்ல. சொல்லாமல் விடுவதன் விலையோ பெரிது. மூக்கு கழுவிய சில நாட்களில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் வந்தால், எந்தத் தண்ணீரால் கழுவினோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அறிகுறிகள் சாதாரண மூளைக் காய்ச்சலைப் போலவே இருப்பதால், அந்தத் தகவல் இல்லாமல் அமீபாவை யாரும் தேடமாட்டார்கள். 2024இல் கோழிக்கோடு மாவட்டத்தின் 14 வயதுச் சிறுவன் இந்நோயிலிருந்து பிழைத்ததற்கு, சீக்கிரம் சந்தேகித்து மில்டிஃபோசின் உள்ளிட்ட மருந்துகளைத் தொடங்கியதே முக்கியக் காரணம். எனவே மருந்துச்சீட்டில் ‘உப்புநீர்’ என்று எழுதும் மருத்துவர் அதற்கு முன்னால் ‘காய்ச்சி ஆறிய’ என்ற இரண்டு சொற்களைச் சேர்க்கட்டும். புட்டி விற்கும் நிறுவனங்கள் அதைப் பொடி எழுத்தில் பெட்டிக்குள் மடித்து வைக்காமல் புட்டியின் மேலேயே தமிழில் அச்சிடட்டும். யோகா ஆசிரியர் குவளையைக் கொடுக்கும் முன் அடுப்பைப் பற்றிப் பேசட்டும். மிதமான பலனுக்காகச் செய்யும் ஒரு காரியத்தில் உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அந்தப் பணயத்தை நீக்கும் வழி இவ்வளவு மலிவாக இருக்கும்போது அதைச் சொல்லாமல் விடவும் உரிமை இல்லை.